எங்கட கீக் விருப்பங்களைச் சின்னப் பிள்ளையளோட செய்யிறது: மா, சோகி, நட்சத்திரம், கட்டைப் பெட்டி

#1 பனங்கூடல்

வீட்டில 7 வயசும் 4 வயசும். விண்வெளிக் கதை, கொமிக்ஸ், பகடை உருட்டிக் கதை சொல்லுற விளையாட்டு, சின்னச் சின்ன எலெக்ரோனிக்ஸ், இதுகளைப் பிள்ளையளோட சேர்ந்து செய்ய விருப்பம். படத்தைப் போட்டுவிட்டு அவையை அதுக்கு முன்னால இருத்திறது வேண்டாம். யாழ்ப்பாணத்தில கையில கிடைக்கிற சாமானை வைச்சு என்ன செய்யலாம், என்ன அளவு, எவ்வளவு நேரம், எங்க பிழைக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் விளக்கமா எழுதுங்கோ.

இன்னொண்டு: கனடாவில இருந்து ஒரு பெட்டி வருது. பாவிச்ச லெகோ கட்டை ஒரு வாளியளவு, பழைய கேம் மெசின் ஒண்டு. அதை எடுத்தவுடனே என்ன பார்க்கவேணும்?

#2 உப்பளத்தான்

4 வயசுக்கு மாவில மின்சுற்று செய்யிறதில தொடங்குங்கோ. ஈயம் உருக்கிற கோலும் வேண்டாம், வயர் உரிக்கவும் தேவையில்லை. ரொட்டிக்கு மாப் பிசையிறதைப் பார்த்த பிள்ளைக்கு இந்த வேலை புதுசும் இல்லை.

மின்சாரம் கடத்துற மா: கோதுமை மா ஒரு கப், தண்ணி ஒரு கப், உப்பு கால் கப், தேசிக்காய்ப் புளி 9 மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. நடுத்தரத் தேசிக்காய் எண்டால் அஞ்சாறு போகும். ஆனையிறவுக் கட்டி உப்புப் பாவிச்சால் முதல்ல தண்ணியில முழுசாக் கரையவேணும். கரையாத கல்லு கடத்தாது, பிள்ளையின்ர கையையும் உரஞ்சும். எல்லாத்தையும் தாச்சியில போட்டு மெல்லிய நெருப்பில விடாமல் கிண்டுங்கோ. முதல்ல கூழ் மாதிரி இருக்கும், பேந்து திரண்டு தாச்சிக் கரையை விட்டு உருண்டையா வரும். இறக்கி நல்லா ஆறவிட்டு, இன்னொரு அரைக் கப் மாவைத் தூவித் தூவிப் பிசையுங்கோ. கிண்டுறது பெரியாக்கள், பிசையிறது பிள்ளையள். உருண்டைக்கு உள்பக்கம் கனநேரம் சுடும், பிரிச்சுப் பார்த்துப்போட்டுக் குடுங்கோ.

கடத்தாத மா: கோதுமை மா ஒரு கப், சீனி அரைக் கப், எண்ணெய் 3 மேசைக்கரண்டி. அரைக் கப் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சுப் பிசையவேணும், நெருப்பு வேண்டாம். இதில எங்கட ஊருக்கு ஒரு விசயம் இருக்கு. யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது. அதில கரைஞ்சிருக்கிற உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும், கொதிக்க வைச்சாலும் முழுக்கப் போகாது. அதால கிணத்துத் தண்ணியில பிசைஞ்ச "கடத்தாத" மாவும் கொஞ்சம் கடத்திப்போடும். பிடிச்சு வைச்ச மழைத்தண்ணி, இல்லாட்டிக் காய்ச்சி வடிச்ச தண்ணி பாவியுங்கோ.

மின்சாரத்துக்கு 4 பென்ரோச் பற்றறி, அதாவது 6 வோல்ற், ஸ்குரு போட்டு மூடுற பெட்டிக்குள்ள. உப்பு மாவில ரெண்டு உருண்டை, இடையில ஒரு விரல் இடைவெளி. சிவப்பு வயர் ஒண்டில, கறுப்பு வயர் மற்றதில. எல்ஈடி எண்ட சின்ன லைற்றின்ர ரெண்டு காலையும் ரெண்டு உருண்டையிலயும் குத்துங்கோ: நீட்டுக் கால் சிவப்பு வயர் பக்கம், கட்டைக் கால் கறுப்பு வயர் பக்கம். பத்தும். ரெண்டு உருண்டையையும் முட்டவிட்டால் அணையும், ஏனெண்டால் மின்சாரம் எல்ஈடியை விட்டிட்டு மாவுக்குள்ளாலயே சுகமாப் போகும். அந்த இடைவெளியில சீனி மாவை வைச்சு ஒட்டினால் திரும்பப் பத்தும். உப்புக் கரைஞ்சால் மின்னூட்டம் உள்ள துகளாப் பிரியும், சீனி பிரியாது. 7 வயசுக்கு இந்த விளக்கம் காணும்.

எல்ஈடியை மா இல்லாமல் நேர பற்றறியில தொடவிடாதேங்கோ. மாவுதான் இங்க தடை. அது இல்லாட்டி எல்ஈடி உடனே கருகிப்போகும். அரை மணித்தியாலத்துக்கு மேல விட்டால் வயர் குத்தின இடத்தில குமிழி வந்து மா கறுக்கும், உலோகமும் அரிச்சுப்போகும். முடிஞ்சவுடனே வயரையும் எல்ஈடிக் கால்களையும் ஈரத்துணியால துடையுங்கோ. மிச்ச மாவைக் காத்துப் போகாத பையில போட்டுக் குளிர்பெட்டிக்குள்ள வையுங்கோ. வெளியில வைச்சால் எங்கட வெக்கைக்குக் கெதியாப் பூஞ்சணம் பிடிக்கும்.

#3 மருதடி

உப்பளத்தான் பென்ரோச் பற்றறி சொன்னது நல்லது. எல்ஈடி எண்டவுடனே கன இடத்தில பொத்தான் பற்றறியைத்தான் சொல்லுவினம், 20 மில்லிமீற்றர் அகலமான சீஆர் 2032. 4 வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில அது மேசைக்கே வரக்கூடாது.

விழுங்கினால் அது உணவுக்குழாயில மாட்டிக்கொள்ளும். எச்சில் பட்டவுடனே மின்சாரம் ஓடி, பற்றறியின்ர மறைப் பக்கத்தில காரம் உண்டாகும். 2 மணித்தியாலத்துக்குள்ள உணவுக்குழாய் வெந்து கடும் புண்ணாகலாம். சத்தி எடுக்க வைக்காதேங்கோ, "தானா வெளியில போகும்" எண்டு பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. நேர பெரியாஸ்பத்திரி, இல்லாட்டி 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ். இசைக்கிற வாழ்த்து மட்டை, சின்ன ரிமோட், வெளிச்சம் வாற செருப்பு எல்லாத்துக்குள்ளயும் இது இருக்கலாம். கனடாப் பெட்டிக்குள்ள வாற விளையாட்டுச் சாமானுகளில ஸ்குரு இல்லாத பற்றறி மூடி இருந்தால் முதல் வேலையாக் கழட்டி எடுங்கோ.

#4 ஆறுசோகி

பகடைக் கதை விளையாட்டுப் பற்றி. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸோடு இந்த வகை அச்சுக்கு வந்தது. அந்த விதிப் புத்தகங்களைச் சின்னப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டாம். விளையாட்டின் உயிர் மூன்றே வரி: "என்ன நடக்குது எண்டு நான் சொல்லுறன். நீ என்ன செய்யிறாய்? சரிவருமோ எண்டு போட்டுப் பார்ப்பம்."

இருபது முகப் பகடை தேடி அலையவும் வேண்டாம். தாயம் விளையாடுகிற ஆறு சோகி போதும். பகடையை விட ஒரு விதத்தில் நல்லது. பகடையில் ஒன்றும் இருபதும் ஒரே அளவு தடவை வரும். ஆறு சோகியைக் குலுக்கிப் போட்டு, வாய் மேலே பார்ப்பவற்றை எண்ணினால் நடு எண்கள் அடிக்கடியும் ஓர எண்கள் அரிதாகவும் விழும். ஒரு சோகி மேலோ கீழோ விழச் சமவாய்ப்பு என்று வைத்தால் 64 வழியில் மூன்று வருவது 20, இரண்டும் நாலும் தலா 15, ஒன்றும் ஐந்தும் தலா 6, வெறுமையும் ஆறும் தலா ஒன்று. ஆறும் வாய் காட்டி விழும்போது பிள்ளை கத்துகிற கத்தலுக்கு இந்த அரிதுதான் காரணம்.

இதை வைத்து மூன்று படி போடுங்கள். சுலபமான வேலைக்கு 2 அல்லது மேல் (64இல் 57). நடுத்தரத்துக்கு 3 அல்லது மேல் (42). கடினத்துக்கு 4 அல்லது மேல் (22). 4 வயதுக்கு எப்போதும் சுலபப் படி. பத்தில் ஒன்பது தடவை சரிவந்தால்தான் அந்த வயது மேசையை விட்டு எழும்பாது.

பாத்திரத் தாளில் எழுத்து வேண்டாம். அரைத் தாளில் பிள்ளை தன் ஆளை வரையட்டும். கீழே மூன்று படம்: கை (பலம்), கண் (கவனம்), வாய் (பேச்சு). விருப்பமான ஒன்றுக்கு நட்சத்திரம். அந்த வேலைக்கு ஒரு சோகி கூடக் கிடைக்கும்: ஆறுக்குப் பதில் ஏழு.

கதைக்களம் ஊரிலேயே இருக்கிறது. நெடுந்தீவின் பவளக்கல் மதில்கள், கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கு மரம். அங்கே ஒரு விண்கலம் இறங்கி, அதன் ரோபோ பெருக்கு மரப் பொந்துக்குள் ஒளித்திருக்கிறது என்று தொடங்குங்கள். இரண்டாம் நாள் அந்த ரோபோவின் தொலைந்த பாகத்தைத் தேடி நிலாவரைக் கிணற்றுக்குப் போகலாம். பிள்ளை கேள்விப்பட்ட இடம் என்றால் அதுவே அடுத்த யோசனையைச் சொல்லும்.

பிழைக்கிற இடம் ஒன்று. சோகி பிழைத்தால் "சரிவரேல்லை, அடுத்தாள்" என்று விடக்கூடாது. கதை வேறு பக்கம் திரும்ப வேண்டும். மதிலில் ஏற முடியவில்லையா, ஏறப்போன சத்தத்துக்குக் குதிரை ஒன்று வந்து எட்டிப் பார்க்கிறது. 4 வயதுக்கு 20 நிமிடம், 7 வயதுக்கு 40. நல்ல கட்டத்தில் நிறுத்துங்கள். சண்டையை விடப் பேசி வழிபண்ணுகிற காட்சிகளை அதிகம் வையுங்கள். அதில்தான் சின்னது பெரியதுக்குச் சமமாக விளையாடும்.

#5 பனங்கூடல்

வாய் மேல விழுறதும் முதுகு மேல விழுறதும் எல்லாச் சோகிக்கும் சமனோ?

#6 ஆறுசோகி

இல்லை. சோகிக்குச் சோகி வேறுபடும். விளையாட முதல் ஆறையும் 20 தடவை போடுங்கள், மொத்தம் 120 விழும். பெரியவர் கோடு கிழிக்க, பிள்ளை வாய் காட்டுகிறவற்றை எண்ணட்டும். 60க்கு அண்டி வந்தால் மேலே சொன்ன கணக்கு ஓடும். 75க்கு மேல் போனால் ஒவ்வொரு படியையும் ஒன்று கூட்டுங்கள். 45க்குக் கீழ் என்றால் ஒன்று குறையுங்கள். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை வீட்டில் இருந்தால் சோகியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், வாய்க்குள் போகும்.

#7 அருந்ததி

வானம் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை, ஆகையால் விரிவாகவே எழுதுகிறேன். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. துருவ நட்சத்திரத்தையும் தெற்குச் சிலுவையையும் ஒரே இரவில் காட்டக்கூடிய இடம் இது. பிரித்தானியாவில் இருக்கிற பிள்ளைக்கு அங்கிருந்து அது ஒருக்காலும் கிடைக்காது.

அளவுகோல் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. கையை நேராக நீட்டிப் பிடித்த பொத்திய கை ஏறத்தாழ 10 பாகை. சின்னப் பிள்ளைக்குக் கை சின்னது, ஆனால் நீளமும் குறைவு, அதனால் அதே 10 பாகைதான் வரும். வடக்கே கடல் தெரிகிற இடத்தில், பருத்தித்துறைப் பக்கமோ கீரிமலைப் பக்கமோ நின்று, கடல் விளிம்பில் ஒரு பொத்திய கையை வையுங்கள். அதன் மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம். அந்த உயரம்தான் ஊரின் அகலாங்கு. புகார் இருந்தால் தெரியாது, அது பெரிய பிரகாசமான நட்சத்திரம் இல்லை.

மே நடுவில் இரவு 9 மணிபோல் தெற்கே திரும்பினால் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் அடி நட்சத்திரம் 17 பாகையில், இரண்டு பொத்திய கைக்குச் சற்றுக் கீழே. அதே நேரம் வடக்கே சப்தரிஷி. அதன் வாலில் கடைசியில் இருந்து இரண்டாவது வசிட்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிற அதே அருந்ததி. வெறுங்கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள், பிறகு பைனாகுலரைக் குடுங்கள்.

விண்மீன் கூட்டங்களின் கிரேக்கப் பெயர்களில் தொடங்காமல் பிள்ளையின் பிறந்த நட்சத்திரத்தில் தொடங்குங்கள். பஞ்சாங்கத்தில் இருக்கிற பெயர்கள் பல வானத்தில் தனித்தனியாகச் சுட்டிக் காட்டக்கூடியவை. ரோகிணி செம்மஞ்சள், திருவாதிரை சிவப்பு, சித்திரை நீலவெள்ளை, சுவாதி செம்மஞ்சள், கேட்டை சிவப்பு. மகம் சிங்கத்தின் நெஞ்சில். கார்த்திகை ஒரு கொத்து. தைப்பொங்கல் நாட்களில் இரவு 8 மணிக்குக் கார்த்திகை ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும், கிழக்கே இறங்கி வந்தால் ரோகிணி, இன்னும் கீழே திருவாதிரை. கார்த்திகைக் கொத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு ஏழு புள்ளி, பைனாகுலரில் பல பத்து.

வாங்குவதென்றால் தொலைநோக்கி வேண்டாம், 7க்கு 50 அல்லது 10க்கு 50 பைனாகுலர். முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். 7 வயதுக் கைக்கு 10 மடங்கு நடுங்கும். சாய்மனைக் கதிரையில் படுத்து, முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றச் சொல்லுங்கள். அப்படிப் பிடித்தால் வியாழனின் நாலு நிலாக்களும் ஒரே கோட்டில் தெரியும், கலிலியோ 1610இல் பார்த்த அதே நாலு. கண் இடைவெளி பிள்ளைக்கு ஒடுக்கம். சில பைனாகுலர் அவ்வளவு மடங்காது, வாங்குமுன் பிள்ளையைப் பார்க்க வையுங்கள்.

பகலில் ஒன்று. ஏப்ரல் 15ஐ ஒட்டி சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும், புத்தாண்டு விடுமுறைக்குள். பகல் 12.10க்கு நிமிர்ந்து நிற்கிற கம்பின் நிழல் காணாமல் போகும். ஏன் 12 இல்லை? இலங்கை மணி 82.5 பாகை நெடுங்கோட்டுக்குரியது, நாங்கள் 80இல். பாகைக்கு 4 நிமிடம், ஆகவே 10 நிமிடம் பிந்தும். 30 சென்ரிமீற்றர்க் கம்பை நூல்குண்டு பிடித்து நேராக நடுங்கள். சூரியன் ஒரு நாளில் மூன்றில் ஒரு பாகைக்குச் சற்று மேல்தான் நகரும், நிழல் 2 மில்லிமீற்றர்தான் மாறும், எனவே 14, 15, 16 மூன்று நாளும் பார்க்கலாம். முகில் மூடினால் ஆகஸ்ட் 27, 28இல் இன்னொரு தடவை வரும். 11.40இல் தொடங்கி 10 நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் சோக்கால் புள்ளி போடுவது பிள்ளையின் வேலை. பைனாகுலர் அன்றைக்கு அலுமாரிக்குள் இருக்கட்டும், சூரியனைப் பார்க்கிற பேச்சே வேண்டாம்.

#8 பெட்டிவிரிப்பான்

கனடாப் பெட்டிக்கு. முதல்ல கேம் மெசினின்ர அடப்ரரைத் திருப்பி, உள்ளீடு எண்டு எழுதியிருக்கிற வரியைப் பாருங்கோ. 100–240 எண்டு இருந்தால் பிரச்சினை இல்லை, பிளக் மாத்தி மட்டும் போட்டால் சரி. 120 மட்டும் எண்டால் எங்கட 230 வோல்றில குத்தின அந்த நிமிசமே உள்ளுக்கு எரியும். பிளக் மாத்தி ஊசியின்ர வடிவத்தைத்தான் மாத்தும், வோல்றை மாத்தாது. கனபேர் பிழைவிடுறது இதிலதான். வோல்றைக் குறைக்கிற இறக்கு மாற்றி வேண்டினால், மெசின் இழுக்கிற வாற்றை விட ஒண்டரை மடங்கு தாங்கிறதா வேண்டுங்கோ. பழைய மெசின் ரீவியில கறுப்பு வெள்ளையா ஓடினால், இல்லாட்டிப் படம் உருண்டால் மெசின் பழுது எண்டு எறியாதேங்கோ. வட அமெரிக்க ஒளிபரப்பு முறை வேற, அதை ஏற்கிற ரீவியில போட்டால் வரும்.

லெகோவை வலைப்பைக்குள்ள கட்டி, சவர்க்காரத் தண்ணியில அரை மணித்தியாலம் ஊறப்போட்டுக் கையால அலசுங்கோ. தண்ணி 40 பாகைக்கு மேல வேண்டாம், கட்டை வளைஞ்சால் பேந்து பிடிக்காது. வெயிலில காயப்போடாதேங்கோ, வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாப் போகும். நிழலில, பழைய சாறத்தில பரப்பி விடுங்கோ. 1958இல இருந்து வந்த கட்டை எல்லாம் இண்டைக்கு வாறதோட பொருந்தும். பொருந்தேல்லை எண்டால் அது வேற கொம்பனிக் கட்டை, இல்லாட்டி வளைஞ்சது, பிரிச்சு வையுங்கோ. 4 வயசுக்கு டப்ளோ, அதாவது சின்னப் பிள்ளையளுக்கான பெரிய லெகோ கட்டை, கிடைச்சால் அதுவும் இதோட பூட்டுப்படும், அளவு எல்லாப் பக்கமும் ரெட்டிப்பு. நிறம் பார்த்துப் பிரிக்காதேங்கோ. சிவப்புக் குவியலுக்குள்ள சின்னச் சிவப்புத் துண்டு கண்ணுக்குப் படாது. வடிவம் பார்த்துப் பிரியுங்கோ.

#9 முத்துவாசகன்

கொமிக்ஸ் எண்டால் தமிழிலயே தொடங்கலாம். சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ் 1972இல தொடங்கினது. ஆனால் பழைய இதழ்களில எழுத்துப் பொடி, 7 வயசு தனிய வாசிக்கக் கஷ்டம். நீங்கள் வாசியுங்கோ. அடுத்த கட்டத்தை ஒரு மட்டையால மூடிக்கொண்டு, "இப்ப என்ன நடக்கும்?" எண்டு கேட்டுப்போட்டு மட்டையை இழுங்கோ. 4 வயசுக்குச் சத்தங்களை விட்டுக்குடுங்கோ, "டமார்" வாற இடத்தில எல்லாம் அது கத்தட்டும்.

பேந்து ஒரு ஏ4 தாளில சொந்த இதழ். மூண்டு தரம் பாதி பாதியா மடிச்சு விரிச்சால் எட்டுக் கட்டம். அகலப் பக்கமா ஒருக்கா மடிச்சு, மடிப்பு விளிம்பில இருந்து நடுக்கோட்டில பாதித் தூரம் மட்டும் வெட்டுங்கோ. விரிச்சு, நீளப்பக்கமா மடிச்சு, ரெண்டு நுனியையும் உள்ளுக்குத் தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம், பசையும் வேண்டாம், தையலும் வேண்டாம். விளிம்பு வரை வெட்டினால் தாள் ரெண்டாப் போகும். பேச்சுக் குமிழியை முதல்ல கீறாதேங்கோ. வசனத்தை எழுதிப்போட்டுச் சுத்தவரக் குமிழியைக் கீறுங்கோ. தமிழ்ச் சொல் நீளம், முதல்ல கீறின குமிழிக்குள்ள அடங்காது, பிள்ளை அழும். ஒரு குமிழிக்கு அஞ்சு சொல் காணும்.

ஒரு வேண்டுகோள். இதில ஒண்டையும் புலமைப்பரிசில் வகுப்பு மாதிரி ஆக்காதேங்கோ. திருவாதிரையைக் காட்டிப்போட்டு அடுத்த நாள் "அது என்ன நட்சத்திரம், சொல்லு" எண்டு கேட்டால் மூண்டாம் நாள் பிள்ளை முத்தத்துக்கு வராது. பெயரை நீங்களே திரும்பச் சொல்லுங்கோ. சந்தோசமாச் சொல்லுறதை அவை தானாப் பிடிப்பினம்.

#10 கட்டளைப்பூனை

திரை முழுக்க வேண்டாம் எண்டுறது சரியில்லை. கட்டளைத் துண்டுகளை அடுக்கிப் படங்களை அசைக்கிற ரப்லெட் செயலி ஸ்கிராட்ச் ஜூனியர் 2014இல வந்தது, 5 தொடக்கம் 7 வயசுக்கு, காசு இல்லை. கட்டளைகள் எல்லாம் படம், எழுத்துத் தெரியத் தேவையில்லை, இறக்கின பிறகு இணையமும் வேண்டாம். மேடை 20 கட்டம் அகலம், 15 கட்டம் உயரம். தரையில சோக்கால 20க்கு 15 கீறி, பிள்ளையை முதல்ல கட்டத்தில நடக்கவிட்டுப்போட்டு ரப்லெட்டைத் திறவுங்கோ. பிழைக்கிற இடம்: பச்சைக் கொடி போடாமல் கட்டளையை மட்டும் அடுக்கிறது. கொடியை அமத்தினால் ஒண்டும் அசையாது. வரிசையின்ர முதல் துண்டு கொடியோ எண்டு பாருங்கோ.

#11 முத்துவாசகன்

தரையில கட்டம் கீறிறது எண்டால் எனக்கும் சம்மதம். ஆனால் 4 வயசுக்கு அந்தத் தரையே காணும், ரப்லெட் பெரியவருக்கு இருக்கட்டும்.

#12 பனங்கூடல்

மா செய்து பார்த்தாச்சு. சிவப்பு எல்ஈடி நல்லாப் பத்துது. அதே ரெண்டு உருண்டையில நீலத்தையும் குத்தினால் நீலம் மங்கிப்போய் அணைஞ்சமாதிரி. நீலத்தைத் தனியக் குத்தினால் பத்துது. நீலம் பழுதோ?

#13 உப்பளத்தான்

பழுதில்லை. சிவப்புக்கு ரெண்டு வோல்ற் அளவு காணும், நீலத்துக்கு மூண்டு அளவு வேணும். ஒரே சோடி உருண்டையில ரெண்டையும் குத்தினால் சிவப்பு முந்தி இழுத்து, உருண்டைகளுக்கு இடையில இருக்கிற வோல்றைத் தன்ர அளவுக்கு இறக்கிப்போடும். மிச்சம் நீலத்துக்குக் காணாது. சிவப்பை வயர் குத்தின இடத்தில இருந்து தள்ளி, உருண்டையின்ர தூரத்து நுனியில குத்துங்கோ. இடையில இருக்கிற மா அதுக்குத் தடையா நிக்கும். நீலத்தை வயருக்குக் கிட்ட வையுங்கோ. அப்பவும் காணாட்டி உருண்டையை நீட்டி மெல்லிய பாம்பு மாதிரி உருட்டி, வாலில சிவப்பு, தலையில நீலம். பாம்பு உருட்டிற வேலையை 4 வயசிட்ட குடுங்கோ.